கொட்டாங்கச்சிக் குதிரை ஓடிய வழியில்

ஞாயிறு, ஸ்டிர்லிங்

மே மாதத்து ஸ்காட்லாந்தில் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் போவதில்லை. அதனால் வந்து இறங்கிய அன்றைக்கே, பெட்டியை அறையில் போட்டுவிட்டு ஷெரிஃப்மூர் மேட்டுக்குப் போய்வர முடிந்தது. அக்கா மகன் இங்கே ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். வாடகைக்குக் கார் எடுத்து வைத்திருந்தான்.

“இங்க வர்றவங்க எல்லாம் நெஸ் ஏரிக்குப் போய் பூதத்தைத் தேடுவாங்க மாமா. நீங்க என்னடான்னா வெறும் புல்மேட்டைக் காட்டுன்னு சொல்றீங்க.”

“இந்தப் புல்மேட்டுலதாண்டா உங்க யூனிவர்சிட்டி பசங்க கத்தியைத் தூக்கிட்டு ஓடினாங்க.”

ஓடியது 1974-இல், ‘மான்ட்டி பைத்தான் அண்ட் த ஹோலி கிரெயில்’ படத்துக்காக. ஆர்தர் மன்னர் தன் வீரர்களோடு, ஏசு கடைசி விருந்தில் குடித்ததாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் புறப்படும் கதை. ஐரோப்பா பல நூற்றாண்டுகளாகப் பயபக்தியோடு சொல்லிவந்த அந்தக் கதையை ஆறு பேர் சேர்ந்து கந்தலாக்கினார்கள். கிரகாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில், மைக்கேல் பேலின், டெர்ரி ஜோன்ஸ், டெர்ரி கில்லியம். கடைசி ஆள் மட்டும் அமெரிக்கர். 1969-இலிருந்து பிபிசி தொலைக்காட்சியில் கலக்கிக்கொண்டிருந்த ‘மான்ட்டி பைத்தான்’ கோஷ்டி. இரண்டு டெர்ரிகளும் சேர்ந்து இயக்கினார்கள். அதற்கு முன் இருவருமே ஒரு முழுநீளக் கதைப்படம்கூட இயக்கியதில்லை.

நான் சென்னையில் கொஞ்ச காலம் படங்களில் தயாரிப்புப் பக்கம் வேலை பார்த்தவன். ஒரு படத்தைப் பார்த்தால் கதையைவிட, “இந்த லொகேஷனுக்கு யார் பர்மிஷன் வாங்கியிருப்பார்கள், இத்தனை பேருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கிருந்து வந்திருக்கும்” என்றுதான் புத்தி போகும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் படத்தின் சிரிப்பில் பாதி, ஏதாவது ஒரு தயாரிப்புச் சிக்கலில் போய் முடிகிறது. அந்த இடங்களை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஷெரிஃப்மூரில் எடுத்தது படத்தின் கடைசிக் காட்சி. ஆர்தரின் பெரும்படை திடீரென்று எங்கிருந்தோ வந்து குவிந்து கோட்டையை நோக்கிப் பாயும். அந்தப் பெரும்படை ஸ்டிர்லிங் மாணவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். ஒரு நாள் பேட்டா 2 பவுண்டு. இதே மேட்டில் 1715-இல் நிஜமாகவே ஒரு போர் நடந்தது. இரண்டு தரப்புமே தாங்கள்தான் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போன போர் அது. பைத்தான்கள் எழுதியிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக எழுதியிருக்க மாட்டார்கள்.

மேட்டில் நின்று பார்த்தால் கோட்டை எதுவும் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? அவர்கள் பாய்ந்த கோட்டை இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது. அங்கே வியாழக்கிழமை போகிறோம்.

மருமகன் படத்தைப் பார்த்ததில்லையாம். துண்டு துண்டாக ரீல்ஸில் பார்த்திருக்கிறான். நாளைக்குக் காலையில் டூன் கோட்டை.

திங்கள், டூன்

ஸ்டிர்லிங்கிலிருந்து டூன் கால் மணி நேரத்துச் சொச்சம்தான். டீத் ஆறும் ஆர்டாக் ஓடையும் சேரும் முனையில், மரங்களுக்கு நடுவே கோட்டை நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆல்பனி பிரபு ராபர்ட் ஸ்டூவர்ட் கட்டியது. அரசன் பட்டம் இல்லாமலே ஸ்காட்லாந்தை ஆண்ட மனிதர். முகப்புக் கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். ஜன்னல்கள் சின்னச் சின்னதாக, யாரையும் நம்பாத ஆள் கட்டிய வீடு மாதிரி இருக்கிறது.

டிக்கெட் மேஜையில் நான் கேட்காமலே அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு ஒரு ஜோடி கொட்டாங்கச்சியை நீட்டினார். சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். மருமகன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அம்மா பாத்தா ரெண்டுக்கும் காம்பு போட்டு அகப்பை ஆக்கிடும் மாமா.”

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கடல் கடந்து, தென்னை முளைக்காத குளிர்தேசத்தில், கல்கோட்டையின் வாசலில் கொட்டாங்கச்சிக்கு இவ்வளவு மரியாதை. படத்தின் முதல் காட்சியே அதைப் பற்றிய தகராறுதானே. மூடுபனிக்குள்ளிருந்து குளம்பொலி கேட்கும். குதிரையில் ராஜா வரப்போகிறார் என்று காத்திருப்போம். ராஜா வருவார், குதிரை வராது. ஆர்தர் கடிவாளம் பிடித்தது போல் கையை வைத்துக்கொண்டு துள்ளி வருவார். பின்னால் மூட்டை சுமந்த ஏவலாள் இரண்டு கொட்டாங்கச்சிகளைத் தட்டிக்கொண்டு வருவான். கோட்டை மேலிருக்கும் காவலன், நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று கேட்க வேண்டியவன், தேங்காய் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவான். தகைவிலான் குருவி தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம் என்பார் ஆர்தர். ஐந்து அவுன்ஸ் குருவி ஒரு பவுண்டு தேங்காயைத் தூக்குமா என்பான் காவலன். நம் கடையில் உரித்த தேங்காய் அரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். காவலன் கணக்கில் தப்பில்லை.

இதற்குப் பின்னால் இருந்தது வெறும் காசு விவகாரம். படத்துக்கு எந்த ஸ்டூடியோவும் பணம் போடவில்லை. போட்டவர்கள் ராக் இசைக்காரர்கள். லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட், ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன், சில இசைத்தட்டு நிறுவனங்கள். அன்றைய பிரிட்டனில் பெரும் வருமானக்காரர்களுக்கு வரி 80 சதவீதத்துக்கு மேல். அரசாங்கத்துக்குப் போகிற பணம் ஒரு கூத்துக்குப் போகட்டுமே என்று கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மொத்தம் சேர்ந்தது 2,30,000 பவுண்டு அளவில். ராஜா காலத்துக் கதையை அந்தக் காசில் எடுக்கும்போது முதலில் அடிபடுவது குதிரை. குதிரை என்றால் அதோடு தீவனம், லாயம், பயிற்சியாளர், ஏறத் தெரிந்த நடிகர்கள், விழுந்தால் மருத்துவச் செலவு. வானொலி நாடகங்களில் குளம்பொலிக்குக் கொட்டாங்கச்சி தட்டுவது பிபிசியில் பழைய வழக்கம். ஒலிக்கூடத்தில் மறைவாகச் செய்வதை இவர்கள் கேமரா முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். (நிஜக் குதிரை ஒன்று கண நேரம் வரும். அதன் மேலிருப்பவன், கேமராவைப் பார்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் வரலாற்று அறிஞரை வெட்டிவிட்டுப் போய்விடுவான்.)

அடுத்த சிக்கல் கோட்டை. பல கோட்டைகளைப் பார்த்து, இன்ன காட்சி இன்ன இடம் என்று திட்டமெல்லாம் போட்டாகிவிட்டது. படப்பிடிப்புக்குச் சில வாரமே இருக்கும்போது அரசுத் துறை கைவிரித்தது. காரணம், பழங்கட்டடங்களின் கண்ணியத்துக்கு இது ஒவ்வாதாம். ஆளைக் கொல்லவும் அடைத்துவைக்கவும் கட்டிய சுவர்களுக்குச் சிரிப்பு மட்டும் ஆகாது போலிருக்கிறது. தனியார் கையிலிருந்த கோட்டைகள்தான் கதி என்று ஆனது. டூன் அப்போது மோரே பிரபுவின் சொத்து. அவர் சரி என்றார். அப்புறம் என்ன, போட்ட திட்டத்தையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, படத்தில் வரும் கோட்டைகளில் ஏறக்குறைய எல்லாமே டூன் ஆகிவிட்டது.

இங்கே வந்தால்தான் அந்தத் தில்லுமுல்லு புரிகிறது. பிரெஞ்சுக்காரர்கள் மேலே நின்று ஆர்தரை ஏசுகிற மதில் இது. சக்கரம் வைத்த ராட்சத மரமுயலைத் தள்ளிக்கொண்டு போகும் வாசல் இது. அதே வாசலில்தான் ஆர்தரின் வீரன் லான்ஸ்லாட் காவலனைக் குத்திவிட்டு, சதுப்புநிலக் கோட்டைக் கல்யாணத்துக்குள் பாய்கிறான். கதைப்படி அது வேறு ஊர், வேறு ராஜா. முற்றம் கல்யாண மண்டபம். வெளிப்படிக்கட்டு ஏறிப் பெரிய கூடத்துக்குள் போனால், ஆர்தரின் கேமலாட் அரண்மனையில் வீரர்கள் மேஜை மேல் ஏறி ஆடிய இடம். அங்கிருந்து பக்கத்துச் சமையலறைக்குப் போனால், கன்னிப்பெண்கள் கோட்டையில் இன்னொரு வீரன் கலஹாட் சிக்கிக்கொண்ட இடம். முழு மாட்டை வாட்டலாம், அவ்வளவு அகல அடுப்பு. மூன்று கோட்டைகளின் கதையை நான் ஐம்பது தப்படிக்குள் நடந்து முடித்துவிட்டேன்.

படத்தில் இது கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் புகையும் வெளிச்சமும். ஒளிப்பதிவாளர் டெர்ரி பெட்ஃபோர்டு (மூன்றாவது டெர்ரி!) கூடத்துக்குள் இருட்டை விட்டுவைத்து, அங்கங்கே மட்டும் ஒளி விழவிட்டிருக்கிறார். ஒரு இடத்தில் சாமான் நெருக்கமாக இருக்கும், இன்னொரு இடத்தில் துணியும் கொடியும் தொங்கும், மற்றதில் புகை. அதே கல்லுதான் என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. தூரத்துக் காட்சிகளுக்குப் பலகையில் கோட்டை வெட்டி மேட்டில் நிறுத்தினார்கள். கேமலாட்டைத் தூரத்தில் பார்த்து வீரர்கள் மெய்சிலிர்க்கும்போது ஏவலாள் “அது வெறும் மாடல்தானே” என்று முணுமுணுப்பான். ஆர்தர் அவன் வாயை அடைப்பார். ஆர்ட் டிபார்ட்மென்டின் ஏழ்மையை டயலாக்கிலேயே போட்டு உடைத்துவிட்டால் அப்புறம் யார் குறை சொல்வது? மதில் மேலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வீசும் பசுமாடுகூட, காற்றில் பறக்கும் ஒரு ஷாட்டில், பொம்மை ரயில் செட்டோடு வரும் குட்டி மாடு.

காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டியில் பேசுவது டெர்ரி ஜோன்ஸ். 2020 ஜனவரியில் அவர் போய்விட்டார். குரல் இன்னும் கூடம் கூடமாக நம்மோடு வருகிறது. கோட்டையின் வரலாற்றை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவே படப்பிடிப்புக் கதைக்குத் தாவுகிறார். ஜோன்ஸ் இடைக்கால வரலாற்றில் ஆழமாகப் படித்தவர், பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். படத்தில் சேறும் சகதியும் சொத்தைப் பல்லும் அவ்வளவு நம்பும்படி இருப்பதற்கு அவரும், ஓவியக்காரரான கில்லியமும்தான் காரணம். நான் பார்த்த பல பிரமாண்ட ராஜா படங்களில் உடைகள் இஸ்திரி போட்டு வந்தது போலவே இருக்கும். இதில் ஆர்தரைப் பார்த்து, அது ராஜா என்று எப்படித் தெரியும் என்று ஒரு ஆள் கேட்கிறான். மேலே சாணி அப்பவில்லையே என்று பதில் வருகிறது. சிரிப்பு நிற்பது அந்த அழுக்கின் மேல்தான். பின்னணி பொய்யாக இருந்திருந்தால் இது ஒரு மேடை நாடகக் கேலியாக முடிந்திருக்கும்.

1984-இலிருந்து இந்தக் கோட்டை அரசின் பராமரிப்பில் இருக்கிறது. கண்ணியம் கெடும் என்று சொன்ன அரசுத் தரப்பின் கையில்தான் இன்று இதன் சாவி. கொட்டாங்கச்சியும் அவர்கள்தான் தருகிறார்கள்.

முற்றத்தில் மருமகன் தட்டிப் பார்த்தான். நாலு பக்கச் சுவரிலும் பட்டு, ஒரு குதிரை நாலு குதிரையாகக் கேட்டது. அங்கிருந்த ஜெர்மானியக் குடும்பத்தின் குழந்தை உடனே தாளத்துக்குத் துள்ள ஆரம்பித்துவிட்டது.

செவ்வாய், கில்லின்

மழை. வண்டியின் வைப்பர் நிற்கவில்லை. கில்லின் ஊருக்குள் டோச்சர்ட் அருவி பாலத்துக்குக் கீழே பாறை பாறையாக இறங்கி ஓடுகிறது. பார்த்துவிட்டு டே ஏரியின் தென்கரைச் சாலையில் போனோம். ஒரே ஒரு வண்டி போகிற அகலம். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் தேடிப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். ஆர்டியனேக் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, சொதசொத மேட்டில் ஏறினால் டோம்னடாஷன் பழைய செம்புச் சுரங்கத்தின் வாய். 19-ஆம் நூற்றாண்டில் தோண்டிக் கைவிட்டது. இதுதான் கொலைகார முயலின் குகை.

கதை தெரியாதவர்களுக்கு: ஒரு மந்திரவாதி, குகையைக் காப்பது கொடூர மிருகம் என்று வீரர்களை நடுங்க வைப்பான். வெளியே வருவது வெள்ளை முயல். சிரித்துக்கொண்டே கிட்டப் போகிற வீரனின் கழுத்தைக் கடித்துத் துண்டாக்கிவிடும். அப்புறம் வரிசையாகப் பல பேர். பறந்து கடிக்கிற ஷாட்டெல்லாம் பொம்மை. சும்மா உட்கார்ந்திருப்பது நிஜ முயல், யாரோ ஒருவர் வளர்த்ததை இரவல் வாங்கியது. அதன் வெள்ளை ரோமத்தில் ரத்தத்துக்காகச் சிவப்புச் சாயம் பூசினார்கள். படம் பிடித்தபின் கழுவினால் போகவில்லை. முயலுக்குச் சொந்தக்காரர் வருவதற்குள் எப்படியாவது வெளுக்க வைக்க யூனிட்டே அடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு முயலை விலைக்கே வாங்கியிருக்கலாம் என்று பின்னாளில் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். எந்த யூனிட்டிலும் இப்படி ஒரு “திருப்பித் தர வேண்டிய சாமான்” கதை இருக்கும்.

குகை வாயிலில் அரை மணி நேரம் ஒதுங்கி நின்றதில் என் ஸ்வெட்டரின் கை ஈரமாகி முழங்கை வரை கனத்தது. அப்போதுதான் கவச உடை நினைவுக்கு வந்தது. படத்தில் வீரர்கள் போட்டிருப்பது இரும்பு வளையக் கவசம் மாதிரி தெரியும். உண்மையில் அது கம்பளி நூலில் பின்னி, மேலே வெள்ளி வண்ணம் அடித்தது. இரும்பு வாங்கக் காசு கிடையாது, வாங்கினாலும் நாள் முழுக்கச் சுமக்க முடியாது. கம்பளியை ஸ்காட்லாந்து மழையில் நனைத்தால் என்ன ஆகும்? காலையில் லேசாகப் போட்டுக்கொண்டது மத்தியானம் தோளை இழுக்கும். சாயங்காலம் வரை உடம்போடு ஒட்டிக்கொண்டு காயாது. மறுநாள் அதே ஈரத்தோடு மறுபடி மாட்டிக்கொள்ள வேண்டும். தங்கிய இடத்தில் எல்லாருக்கும் வெந்நீர் போதாது. பேக்கப் சொன்னதும் யார் முதலில் போய்க் குளிப்பது என்று ஓட்டப்பந்தயம். முந்தினவருக்கு வெந்நீர், பிந்தினவருக்குப் பச்சைத்தண்ணீர்.

சாது என்று பெயர் வாங்கிய மைக்கேல் பேலினே ஒருநாள் வெடித்துவிட்டார். கிராமத்துக் காட்சியில் அவர் சேற்றில் தவழ்ந்து சேற்றையே தின்னும் ஒரு பிறவி. டேக் மேல் டேக் போனதில் கடைசியில் அப்படியே கத்தித் தீர்த்துவிட்டார். சக நடிகர்கள் சமாதானம் செய்யப் போகவில்லை, கை தட்டினார்கள்.

வறுமையில்தான் கலை பிறக்கும் என்று இதைக் காட்டிச் சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெந்நீர் கூடக் கொடுத்திருந்தால் படம் கெட்டுப் போயிருக்காது.

புதன், கிளென்கோ

ரானக் மூர் சதுப்பைத் தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. கிளென்கோவைப் பற்றி எழுதுகிறவர்கள் 1692-இல் இங்கே நடந்த மெக்டொனால்டு குலத்துப் படுகொலையைச் சொல்லாமல் விடுவதில்லை. நானும் சொல்லிவிட்டேன். வந்த வேலை வேறு.

ஏ82 நெடுஞ்சாலையை ஒட்டியே மூன்று ஓடைகள் கூடும் இடம் இருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கினால் இடுக்குப் பாறைகளுக்கு நடுவே நீர் விழுகிறது. 1974 ஏப்ரல் 30, படப்பிடிப்பின் முதல் நாள், இந்தப் பக்கத்து மலையிடுக்கில்தான் தொடங்கியது. எடுத்தது மரணப் பாலக் காட்சி. பாலத்தைக் காக்கும் கிழவன் மூன்று கேள்விகள் கேட்பான். பதில் தப்பினால் ஆள் பள்ளத்தில். கிழவனாக நடித்தது கில்லியம்.

முதல் நாளே இப்படி ஒரு இடத்தை ஷெட்யூலில் போட்டவரை நான் சந்தித்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். எங்கள் ஊரில் முதல் நாள் பூஜை போட்டு, சுலபமான ஒரு ஷாட் எடுத்து, தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இவர்கள் கேமராவையும் ஆட்களையும் மலைமேல் ஏற்றினார்கள். முதல் ஷாட்டிலேயே கேமரா பழுதாகி நின்றுவிட்டது. ஒலியோடு எடுக்க வேண்டியதை அதில் எடுக்க முடியாது. வேறு கேமராவில், ஒலி தேவைப்படாத துண்டுகளை எடுத்துச் சமாளித்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி, கதாநாயகன். ஆர்தராக நடித்த கிரகாம் சாப்மன் படித்துத் தேர்ந்த மருத்துவர், மலையேறிப் பழகியவர். பாலத்தின் பக்கம் வந்ததும் அவருக்குக் கைகால் நடுங்க ஆரம்பித்தது. மலையேறி இதற்குப் போய்ப் பயப்படுகிறாரே என்று சுற்றியிருந்தவர்களுக்குக் குழப்பம். விஷயம் பயமில்லை. அவர் குடிக்கு அடிமையாக இருந்த காலம் அது. விடியற்காலையில் மலையில் குடிக்க எதுவும் இல்லை, உடம்பு அதற்காக உதறியது. பாலத்தைக் கடக்கும் ஷாட்டில் அவருக்குப் பதில் யூனிட்டிலிருந்து ஒருவர் டூப் போட்டார். வசனம் மறப்பது, டேக் வீணாவது எல்லாம் அந்த ஷெட்யூல் முழுக்க இருந்தது. இதையெல்லாம் சாப்மனே பின்னாளில் ஒளிக்காமல் பேசியிருக்கிறார். 1977 கடைசியில் குடியை விட்டார். அடுத்த படமான ‘லைஃப் ஆஃப் பிரையன்’ முழுக்கத் தெளிவாக நடித்தார், தளத்தில் மற்றவர்களுக்கு வைத்தியமும் பார்த்தார். 1989-இல் இறந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஆர்தர் பாத்திரம் அசைவதில்லை, அதுதான் ஆச்சரியம். சுற்றிலும் கோமாளித்தனம் நடக்கும்போது அந்த மனிதர் மட்டும் தான் உண்மையிலேயே ராஜா என்று நம்புகிறார். மற்றவர்கள் ஆளுக்கு நாலைந்து வேஷம் கட்டினார்கள். கிளீஸ் லான்ஸ்லாட், கருப்பு வீரன், பிரெஞ்சுக்காரன், மந்திரவாதி டிம் எல்லாமாக வருவார். சாப்மனின் முகம் பெரும்பாலும் ஒரே முகம். அந்த முகம் சிரித்திருந்தால் படம் உட்கார்ந்திருக்கும்.

பாலத்தைக் கட்டிக்கொடுத்தவர் ஹேமிஷ் மெக்கின்னஸ். ஸ்காட்லாந்து மலையேறிகள் நடுவே பெரிய பெயர். கிளென்கோ மலை மீட்புக் குழுவை 1961-இல் தொடங்கியவர், மலையில் அடிபட்டவர்களைத் தூக்கிவர மடக்கு ஸ்ட்ரெச்சர் வடிவமைத்தவர். பள்ளத்தில் விழுகிறவர்களைக் காப்பாற்றுவதே தொழிலாக இருந்தவர், இந்தப் படத்துக்காகப் பள்ளத்துக்குள் டம்மி உடல்களைத் தூக்கிப் போட உதவினார்.

இன்று பாலத்தின் அடையாளம் எதுவும் இல்லை. மழை விட்டிருந்தது. மிட்ஜ் என்று இங்கே ஒரு பொடிக் கொசு. மூடிய காரின் கண்ணாடியில் வந்து அப்புகிறது. அவற்றோடு நாலு நிமிஷம் நின்றதற்கே நாங்கள் ஓடிவந்து காருக்குள் ஏறிவிட்டோம்.

ராத்திரி சாப்பிடும்போது மருமகன் கேட்டான், “ரெண்டு டைரக்டர் எப்படி மாமா ஒத்துப் போகும்?” ஒத்துப் போகவில்லை என்பதுதான் பதில். கில்லியமுக்கு ஃபிரேம் முக்கியம். கவசத்தோடு முட்டி போட்டு அப்படியே இரு, வெளிச்சம் வரட்டும் என்பார். நடிகர்கள், குறிப்பாகக் கிளீஸ், எரிந்து விழுந்தார்கள். போகப் போக நடிகர்களை ஜோன்ஸும் கேமராவைக் கில்லியமும் பார்த்துக்கொள்வது என்று வேலை பிரிந்தது. ‘பிரையன்’ படத்தை ஜோன்ஸ் தனியாகத்தான் இயக்கினார்.

வியாழன், போர்ட் ஆப்பின்

பாலாஹூலிஷிலிருந்து கடலோரமாக ஏ828. ஒரு வளைவில் திரும்பியதும் தண்ணீருக்கு நடுவே ஸ்டாக்கர் கோட்டை. லின்னே என்ற கடற்கழியின் ஒரு கிளையில் சின்னப் பாறைத் தீவு, அதன் மேல் நாலு மாடி கோபுர வீடு, அவ்வளவுதான். 15-ஆம் நூற்றாண்டு. கூரை போய் இடிந்து கிடந்ததை 1965 வாக்கில் ஒரு ராணுவ அதிகாரி வாங்கி, பல வருஷம் கல் கல்லாக எடுத்துக் கட்டினார். இன்றும் தனியார் சொத்துதான். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் படகில் கூட்டிப் போகிறார்கள். எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை, கரையிலிருந்து பார்த்தோம். பார்க்கப் போனால் அதுவே சரியான கோணம், படத்திலும் ஆர்தர் கரையிலிருந்துதான் இதைப் பார்த்து உருகுவார்.

கிண்ணம் இந்தக் கோட்டையில்தான் இருக்கிறது. ஆர்தர் டிராகன் தலைவைத்த படகில் போய்ச் சேருவார். அங்கேயும் அதே பிரெஞ்சுக்காரர்கள், அதே ஏச்சு. திரும்பிக் கரைக்கு வந்தால் பெரும்படை தயார். அது ஷெரிஃப்மூர் மாணவர்கள். படை பாயும். நடுவே போலீஸ் கார் வந்து நிற்கும். வரலாற்று அறிஞரைக் கொன்ற வழக்கில் ஆர்தரைப் பிடித்து வண்டியில் ஏற்றுவார்கள். ஒரு போலீஸ்காரர் கேமரா லென்ஸைக் கையால் பொத்துவார். படம் அதோடு சரி.

எழுத்து வேலையின் தொடக்கத்தில் கதை பாதி பழங்காலத்திலும் பாதி இன்றைய லண்டனிலும் நடப்பதாக இருந்தது. கிண்ணம் ஹாரட்ஸ் என்ற பெரிய லண்டன் கடையில் கிடைப்பதாக முடியும். ராஜாவே கடைக்குப் போகிற அந்த முடிவு எனக்குப் பிடித்தே இருக்கிறது. ஆனாலும் போலீஸ் முடிவுதான் கெட்டி. முழுப் போர் எடுக்க ஐந்து வார ஷெட்யூலும் அந்தக் காசும் காணாது. எடுக்க முடியாத போரை, எடுக்க விடாமல் தடுக்க ஆள் அனுப்பி முடித்தார்கள்.

தொடக்க டைட்டிலும் அதே கதைதான். அனிமேஷன் செய்யத் தெம்பில்லை. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கீழே சுவீடிஷ் மாதிரி ஒரு சப்டைட்டில். அந்த சப்டைட்டில் மெல்ல மெல்லச் சம்பந்தமில்லாமல் ஒரு கடமான் கதைக்குள் போய்விடும். எழுதியவர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று அறிவிப்பு வரும். எழுதியது பேலின்.

எடிட்டிங் மேஜையிலும் நிம்மதி இல்லை. பணம் போட்டவர்களுக்குப் போட்டுக் காட்டிய முதல் காட்சி படுதோல்வி. முதல் சில நிமிஷம் சிரித்த கூட்டம் பின்னால் கல்லாய் உட்கார்ந்துவிட்டது. திரும்பத் திரும்ப வெட்டி, கூட்டம் கூட்டமாகக் காட்டி, எங்கே சிரிப்பு செத்துப் போகிறது என்று பார்த்தார்கள். நீல் இன்னஸ் பாடல்களும் பின்னணியும் செய்திருந்தார். பாடல்கள் நின்றன, பின்னணியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு டி வோல்ஃப் நிறுவனத்தின் ரெடிமேட் இசைத் தொகுப்பிலிருந்து வீரதீர ராகங்களை வைத்தார்கள். இது வெறும் சிக்கனம் இல்லை, சரியான காது. இசை தானும் நகைச்சுவை செய்யப் பார்த்தால் சிரிப்பு வராது. நிஜ ராஜா படத்துக்கு அடிப்பது போல அடித்தால்தான் கொட்டாங்கச்சிக்கு மதிப்பு.

1975 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியானபோது, முதலில் வரும் 1,000 பேருக்குத் தேங்காய் இலவசம் என்று அறிவித்தார்கள். தெருவில் வரிசை நின்றது. 2005-இல் இதே படம் ‘ஸ்பாமலாட்’ என்ற பெயரில் பிராட்வே மேடைக்குப் போய், சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதும் வாங்கியது.

சாலையோரக் கடையில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு ஓபன் வந்து அறை எடுத்தோம். ராத்திரி மருமகன் லேப்டாப்பில் படத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தான். குருவித் தகராறில் விழுந்து விழுந்து சிரித்தான். டூன் முற்றம் வந்தபோதெல்லாம், “இது அங்க இல்ல, அந்தப் படிக்கட்டு” என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினான். போலீஸ் வந்தது. கை லென்ஸைப் பொத்தியது. திரை கருப்பு. எழுத்து எதுவும் ஓடவில்லை, ஆர்கன் வாத்தியம் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் எழுந்து போய் வைஃபை பெட்டியை அணைத்து மறுபடி போட்டான்.